எல்லா மேட்சும் ஜெயிச்ச டீமுக்கே இடம் இல்லையா?

(அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பத்தி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கிட்டேன். இது நம்ம ஊர் கால்பந்து இல்ல, முட்டை வடிவ பந்தை கையில தூக்கிட்டு ஓடற ஆட்டம்)

கேள்வி: என் பையன் அமெரிக்காவுல படிக்கிறான். அங்க காலேஜ் ஃபுட்பால் சாம்பியன் யாருன்னு வருஷா வருஷம் சண்டை நடக்குதாம். ஆடி ஜெயிச்சவங்கதானே சாம்பியன், இதுல சண்டைக்கு என்ன இருக்கு? - ஒரு வாசகி, கோவை

பதில்: யாரோட ஆடறதுங்கறதுலதாங்க சண்டையே. மேல் டிவிஷன்ல மட்டும் 130க்கு மேல டீம் இருக்கு, ஆனா ஒரு டீம் சீசனுக்கு 12 மேட்ச்தான் ஆடும், உடம்போட உடம்பு மோதற விளையாட்டு, வாரத்துக்கு ஒண்ணுக்கு மேல தாங்காது. அந்த 12லயும் முக்காவாசி தன்னோட கான்ஃபரன்ஸ், அதாவது தான் சேர்ந்திருக்கற கூட்டமைப்புல உள்ள டீம்களோடதான். அதனால ஒருத்தன் கஷ்டமான எதிரிங்களா பாத்து ஆடி ரெண்டு தோத்திருப்பான், இன்னொருத்தன் லேசான எதிரிங்களோட ஆடி ஒண்ணுகூட தோத்திருக்க மாட்டான், ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோதவே மாட்டாங்க.

காலேஜ் விளையாட்டை நடத்தற என்சிஏஏ அமைப்பு கீழ் டிவிஷன்களுக்கெல்லாம் ப்ளே ஆஃப் (தோத்தா வெளிய போற நாக் அவுட் சுற்று) நடத்தி கோப்பை குடுக்குது, மேல் டிவிஷன் ஃபுட்பாலுக்கு மட்டும் அது சாம்பியன் பட்டமே குடுக்கறதில்ல. அந்த காலி இடத்துலதான் ஓட்டு வந்து உக்காந்துச்சு. 1936ல இருந்து ஏபி செய்தி நிறுவனம் நிருபர்கள்கிட்ட ஓட்டு வாங்கி ரேங்கிங் போடுது, 1950ல இருந்து கோச்சுங்க ஓட்டு தனி. 1973ல என்ன ஆச்சு தெரியுமா, சீசன் கடைசியில நடக்கற பௌல் மேட்ச்சுக்கு முன்னாடியே கோச்சுங்க ஓட்டுப் போட்டு அலபாமாதான் சாம்பியன்னு சொல்லிட்டாங்க, அப்புறம் ஷுகர் பௌல்ல அதே அலபாமா நோட்டர் டேம்கிட்ட 24-23ன்னு தோத்துச்சு, ஆனா குடுத்த பட்டத்தை யாரும் திருப்பி வாங்கல. 1997ல மிச்சிகனும் தோக்கல, நெப்ராஸ்காவும் தோக்கல. மிச்சிகன் ரோஸ் பௌல்ல ஆடியாகணும்னு அவங்க கான்ஃபரன்ஸோட ஒப்பந்தம், நெப்ராஸ்கா ஆரஞ்சு பௌல்ல ஆடியாகணும், ரெண்டும் மோதவே வழியில்லாம போச்சு. நிருபர்கள் மிச்சிகன்னாங்க, கோச்சுங்க நெப்ராஸ்கான்னாங்க. ஒரே வருஷத்துக்கு ரெண்டு சாம்பியன்!

கேள்வி: மனுஷங்க ஓட்டுல பாரபட்சம் இருக்கும், கம்ப்யூட்டர்கிட்ட விட்டுடலாமே சார்? - ஒரு வாசகர், மதுரை

பதில்: விட்டுப் பாத்தாச்சு சார். 1998ல இருந்து 2013 சீசன் வரைக்கும் பிசிஎஸ்னு ஒரு முறை, ஓட்டையும் கம்ப்யூட்டர் ரேங்கிங்கையும் கலந்து முதல் ரெண்டு இடத்துல வர்றவங்க மட்டும் ஃபைனல் ஆடுவாங்க. 2003ல நிருபர்கள் ஓட்டுலயும் கோச்சுங்க ஓட்டுலயும் முதல் இடம் யுஎஸ்சிக்கு, ஆனா கணக்கு போட்டுப் பாத்தா மூணாவது இடம், ஃபைனல் கிடையாது. ஓக்லஹோமா அவங்க கான்ஃபரன்ஸ் ஃபைனல்லயே கான்சாஸ் ஸ்டேட்கிட்ட 35-7ன்னு செமத்தியா அடி வாங்கியிருந்தாங்க, அவங்க நேஷனல் ஃபைனல் போய் எல்எஸ்யுகிட்ட தோத்தாங்க. ஏபி யுஎஸ்சியைத்தான் சாம்பியன்னு சொல்லுச்சு, மறுபடி ரெண்டு சாம்பியன். அடுத்த வருஷம் ஆபர்ன் ஒரு மேட்ச்கூட தோக்காம நின்னாங்க, ஆனா தோக்காத டீம் இன்னும் ரெண்டு முன்னாடி இருந்ததால ஃபைனல்ல இடமில்ல. கம்ப்யூட்டருக்கு பாரபட்சம் இல்லாம இருக்கலாம், ஆனா நேரா மோதாத டீம்ல யாரு பெஸ்ட்டுன்னு அதுக்கும் தெரியாது சார்.

கேள்வி: 2023ல ஃப்ளோரிடா ஸ்டேட்டை வெளிய விட்டது நியாயம்தான்னு என் ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றான். நீங்க என்ன சொல்றீங்க? - ஒரு வாசகர், டாலஸ்

பதில்: நியாயமே இல்லைங்க, இதை நான் எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன். பிசிஎஸ்ஸுக்கு அப்புறம் 2014ல இருந்து மேல் டிவிஷனுக்கும் ப்ளே ஆஃப் வந்துச்சு, அதுக்கு 13 பேர் கொண்ட கமிட்டி நாலு டீமை தேர்ந்தெடுத்துச்சு. 2023ல ஃப்ளோரிடா ஸ்டேட் 13க்கு 13 ஜெயிச்சு கான்ஃபரன்ஸ் சாம்பியனும் ஆச்சு. நவம்பர்ல அவங்க குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தற முக்கியமான பிளேயர்) ஜோர்டன் ட்ராவிஸுக்கு கால்ல பெரிய அடி, சீசனே முடிஞ்சு போச்சு. கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல மூணாவது குவார்ட்டர்பேக்கை இறக்கி, டிஃபென்ஸை மட்டும் நம்பி லூயிவில்லை 16-6ன்னு ஜெயிச்சாங்க. அதுக்கு மறுநாள் லிஸ்ட் வருது, மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், நாலாவதா ஒரு மேட்ச் தோத்த அலபாமா, ஃப்ளோரிடா ஸ்டேட் அஞ்சாவது. ட்ராவிஸ் இல்லாத டீம் முன்ன மாதிரி இல்லைன்னு கமிட்டி காரணம் சொல்லுச்சு.

உங்க ஃப்ரெண்ட் என்ன சொல்லுவார்னு தெரியும், முக்கியமான பிளேயர் இல்லைன்னா அதை கணக்குல எடுக்கலாம்னு கமிட்டி விதியிலயே இருக்கு, அப்புறம் ஆரஞ்சு பௌல்ல ஜார்ஜியாகிட்ட 63-3ன்னு தோத்தாங்களேன்னுவார். அந்த மேட்ச்ல ஃப்ளோரிடா ஸ்டேட்டோட முக்கியமான ஆளுங்க நிறைய பேர் ஆடவே இல்ல, அதை வச்சு எதையும் நிரூபிக்க முடியாதுங்க. விதியில இருக்குங்கறது உண்மைதான், அந்த விதியே தப்புங்கறேன் நான். ட்ராவிஸ் போனதுக்கு அப்புறமும் அந்த பசங்க ஜெயிச்சுக்கிட்டுதானே இருந்தாங்க? இனிமே தோப்பீங்கன்னு ஊகிச்சு ஒரு டீமை நிறுத்தறதுன்னா அவங்க ஏற்கனவே ஜெயிச்ச 13 மேட்ச்சுக்கு என்னதான் மதிப்பு. யாரு ஜெயிச்சாங்கன்னு பாக்கணும், யாரு ஜெயிப்பாங்கன்னு ஜோசியம் பாக்கக்கூடாது.

கேள்வி: இப்போ 12 டீம் ஆக்கிட்டாங்களே, இனி பிரச்சனை தீர்ந்துதா? ரெண்டு மேட்ச் தோத்த ஒஹாயோ ஸ்டேட் எல்லாம் சாம்பியன் ஆகுதே? - ஒரு வாசகர், சென்னை

பதில்: அந்த ஒஹாயோ ஸ்டேட் பட்டத்தை நான் மனசார ஏத்துக்கறேன். 2024ல ஆரிகன்கிட்ட ஒரு பாயிண்ட்ல தோத்தாங்க, சொந்த கிரவுண்ட்ல மிச்சிகன்கிட்ட 13-10ன்னு தோத்தாங்க, எட்டாவது இடத்துல உள்ள வந்து டென்னசி, அதுவரைக்கும் தோக்காத அதே ஆரிகன், டெக்சாஸ், நோட்டர் டேம்னு வரிசையா நாலு பேரை அடிச்சாங்க, யாரோட ஓட்டும் தேவைப்படல. ஆரிகன் ரசிகர்களுக்கு வருத்தம் இருக்கும், ஒரு தடவை ஜெயிச்சவனையே மறுபடி ஜெயிக்கணுமான்னு கேக்கறதுல நியாயமும் இருக்கு, ஆனா ப்ளே ஆஃப்னு வந்துட்டா அதுதான் நடக்கும்.

பிரச்சனை தீரல, சண்டை நாலாவது இடத்துல இருந்து பன்னெண்டாவது இடத்துக்கு நகர்ந்திருக்கு, அவ்வளவுதான். 2025ல மயாமியும் நோட்டர் டேமும் ரெண்டும் 10-2, அதாவது பத்து ஜெயிச்சு ரெண்டு தோத்தவங்க. சீசன் தொடக்கத்துல நேரா மோதி மயாமி 27-24ன்னு ஜெயிச்சிருந்துச்சு. அப்படியும் வாரக்கணக்கா நோட்டர் டேமைத்தான் கமிட்டி மேல வச்சிருந்துச்சு, கடைசி வாரம் ரெண்டு டீமுமே ஆடல, ஆனா லிஸ்ட்ல மயாமி மேல ஏறிடுச்சு, நோட்டர் டேம் வெளிய. முடிவு சரிதான், நேரா ஜெயிச்சவங்களுக்குத்தான் குடுக்கணும், மயாமியும் ஃபைனல் வரைக்கும் போய் இண்டியானாகிட்டதான் தோத்துச்சு. ஆனா அந்த ஆகஸ்ட் மேட்ச்சோட ஸ்கோர் நவம்பர்ல மாறியா இருந்துச்சு? முதல் லிஸ்ட்லயே அதை எடுத்திருக்க வேண்டியதுதானே, நம்பிக்கை குடுத்து கடைசி நாள்ல கீழ இறக்கினா எந்த பசங்களுக்குத்தான் கோவம் வராது. 16 ஆக்கலாமா 24 ஆக்கலாமான்னு பேச்சு ஓடுது, அது எத்தனை வேணும்னாலும் இருக்கட்டும், ரெண்டு டீமுக்கு ஒரே ரெக்கார்டுன்னா நேரா மோதின மேட்ச்தான் முதல்லன்னு சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே எழுதி வைக்கட்டும்.