லப்டொப் ஹாட் டிஸ்க்கை எத்தினையா பிரிக்கிறது, இருக்கிற பைலுகள் அழிஞ்சிடுமா?

1 டெரா லப்டொப், எல்லாம் ஒரே சீ டிரைவிலதான் கிடக்கு, எத்தினையா பிரிக்கலாம், பிரிக்கேக்க பைலுகள் போயிடுமா எண்டு கேட்டிருக்கிறீங்கள். அழியாமப் பிரிக்கலாம், ரெண்டாப் பிரிச்சாலே காணும். ஆனா சீக்குத் தாராளமா இடம் விடுங்கோ, பிறகு கூட்டுறதுதான் பெரிய கரைச்சல்.

என்ர பழைய லப்டொப்பில வாங்கேக்கயே சீக்கு 100 ஜிபி, மிச்சம் டீ டிரைவ் எண்டு பிரிச்சுத் தந்தவை. விண்டோஸ் அப்டேட், வட்ஸ்அப், அது இது எண்டு ஏறி ஏறி சீ சிவப்பாகிட்டுது. சரி டீயில கொஞ்சம் எடுத்து சீக்குக் குடுப்பம் எண்டு டீயைச் சுருக்கினன், சீல எக்ஸ்டெண்ட் (இடம் கூட்டுறது) வேலை செய்யேல்ல. ஏனெண்டா வெறும் இடம் சீக்கு ஒட்டி வலப்பக்கம் இருந்தாத்தான் விண்டோஸ் சேர்க்கும், எனக்கு நடுவில டீ நிக்குது. அப்ப டீயை அப்பிடியே நகர்த்துற சொப்ட்வெயர் ஒண்டு போட்டு ஓட விட்டன். அது 2022 ஏப்ரல், வெள்ளவத்தையில கரண்ட் எப்ப போகும் எப்ப வரும் எண்டிருந்த நேரம், லப்டொப் பற்றரியும் செத்தது. பாதியில நிண்டிட்டுது. திரும்பப் போட்டா டீ ரோ (RAW, உள்ள இருக்கிறதை விண்டோஸால வாசிக்க ஏலாது) எண்டு காட்டுது, ஃபோமற் பண்ணவா எண்டு கேக்குது. அக்கான்ர கலியாண வீடியோ, அப்பம்மான்ர கடைசிப் படங்கள் எல்லாம் அதுக்குள்ள. கொஞ்சப் படம் மீட்டு எடுத்தம், வீடியோ வரவே இல்லை. இப்பவும் நினைச்சா மனசு கேக்காது.

அதால முதல் வேலை, வெளி ஹாட் டிஸ்க் ஒண்டில எல்லாத்தையும் கொப்பி பண்ணுங்கோ. டீயில போட்டு வைச்சா பெக்கப் எண்டு நினைக்காதீங்கோ, சீயும் டீயும் ஒரே தட்டு, தட்டுப் பழுதாப் போனா ரெண்டும் போகும்.

பிறகு சார்ஜரைக் குத்திப்போட்டு ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். சீல ரைட் கிளிக் பண்ணி ஷ்ரிங்க் வொல்யூம். சீல எவ்வளவு குறைக்கிறதெண்டு எம்பியில கேக்கும், டீக்கு 500 ஜிபி வேணுமெண்டா 512000 அடியுங்கோ. 1 டெரா எண்டாலும் அங்க 931 ஜிபிதான் காட்டும், கடைக்காரர் ஏமாத்தேல்ல, கம்பனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024ஆ எண்ணுது. சில நேரம் சீல நிறைய வெறும் இடம் இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க விடும், பேஜ் பைல், ஹைபர்னேஷன் பைல் மாதிரி விண்டோஸ் தனக்கெண்டு வைச்சிருக்கிற நகராத பைலுகள் நடுவில குந்திக்கொண்டிருக்கும். அதுகளை ஓஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணீட்டுத் திரும்பப் பாருங்கோ. பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா அதைத் திறக்கிற ரிக்கவரி கீயை முதல் எழுதி வையுங்கோ.

வந்த வெறும் இடத்தில நியூ சிம்பிள் வொல்யூம் குடுத்து, பைல் சிஸ்டம் என்டிஎப்எஸ் எண்டு விட்டா முடிஞ்சுது. பக்கத்தில ஈஎப்ஐ, ரிக்கவரி எண்டு சின்னச் சின்னதா இருக்கிறதுகளை வீண் இடமெண்டு அழிச்சிடாதீங்கோ, ஈஎப்ஐ போனா விண்டோஸ் எழும்பாது. பழைய எம்பிஆர் முறையில பிரிச்ச டிஸ்க் எண்டா பிரைமரி எண்ட நேரடிப் பிரிவு 4க்கு மேல ஏலாது, அஞ்சாவது போடப் போனா டைனமிக் எண்ட வேற வகை டிஸ்க் ஆக்கவா எண்டு கேக்கும், அதுக்கு நோ குடுங்கோ. புது லப்டொப்புகள் ஜிபிடி எண்ட புது முறைதான், அந்தப் பிரச்சினை வராது.

கடைசியா டொக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போல்டருகளில ரைட் கிளிக், ப்ரொபர்ட்டீஸ், லொக்கேஷன்ல டீக்கு மாத்தி விடுங்கோ, இல்லாட்டி டீ வெறுமையாக் கிடக்க சீதான் திரும்ப நிரம்பும்.