விர்ச்சுவல்பாக்ஸ் இழுபடுகிறது, மாற்று எது?

ஒரே கணினிக்குள் பல இயங்குதளங்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதிலாக, வெள்ளவத்தைக் கந்தோரிலுள்ள உங்கள் 16 ஜிபி நினைவகக் கணினிக்கு ப்ரொக்ஸ்மொக்ஸ் போடுங்கள். அதே வேலையைச் செய்யும், ஆனால் கணினியில் நேரடியாக நிறுவப்படும் மென்பொருள் இது. கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ், கோப்புகளுக்கு லினக்ஸ் என்று இரண்டையும் இரவு பகலாக ஓட்ட அதுதான் பொருத்தம். 2007 முதல் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிலேயே இருக்கும், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம்தான் அதன் அடித்தளம். கட்டணம் கட்டாமலே முழுதாகப் பயன்படுத்தலாம். வருடாவருடம் டொலரில் கட்டும் சுமை சிறிய கந்தோருக்கு எதற்கு? விண்டோஸுக்கு மட்டும் உரிமம் வேண்டும்.

இப்போது விர்ச்சுவல்பாக்ஸ் இழுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் விண்டோஸின் சொந்த மெய்நிகர் கணினி வசதியான ஹைப்பர்-வி. சாளரத்தின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அதேதான்.

கவனம்: ப்ரொக்ஸ்மொக்ஸ் நிறுவும்போது தெரிவுசெய்த வட்டு முழுவதும் அழிந்துவிடும். கணக்குக் கோப்புகளை வெளி வட்டில் பிரதியெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே தொடங்குங்கள்.