பொட்டாசியம் 5.8... மறுநாள் 4.6! எதை நம்புவது?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை நோயுடன் சிறுநீரகப் பாதிப்பும் உண்டு. டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறார். வீட்டுக்கு வந்து எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 5.8, மறுநாள் மருத்துவமனை லேபில் 4.6. எது சரி?

பதில்: பெரும்பாலும் 4.6தான். உடலின் பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தால் அது வெளியே கொட்டி, அளவை ஏற்றிக் காட்டும். கையை இறுகக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னாலும் ஏறும். ரத்தத்தைப் பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்தாலும், ஐஸ் பெட்டியில் வைத்தாலும் அப்படியே. ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடிக் குழாயில் சேர்த்திருப்பதே பொட்டாசியம் உப்பு. அதிலிருந்து இன்னொரு குழாய்க்கு ரத்தத்தை ஊற்றினால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் சரியும். ரிப்போர்ட்டில் ‘ஹீமோலைஸ்டு’ (சிவப்பணுக்கள் உடைந்த ரத்தம்) என்று குறிப்பு இருக்கிறதா பாருங்கள்.

அதற்காக அடுத்த முறையும் ‘லேப் தப்பு’ என்று விட்டுவிடாதீர்கள். அப்பா சாப்பிடும் இரண்டு மாத்திரைகளுமே பொட்டாசியத்தை உடலில் தேக்குபவை. சிறுநீரகமும் பழுதென்றால் 5.8 நிஜமாகவே வரலாம். டாக்டரிடம் சொல்லி அன்றே மறுபரிசோதனை, கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை. 6ஐத் தாண்டினால் தொந்தரவு எதுவும் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். இதயத் துடிப்பு தாறுமாறாகும் வரை அறிகுறியே இல்லாமல் இருப்பதும் உண்டு.

ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கினாலோ அளவைக் கூட்டினாலோ 1 வாரம் கழித்து ஒரு முறை, 4 வாரம் கழித்து இன்னொரு முறை பொட்டாசியத்தைப் பரிசோதிக்க வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக 3 மாதத்துக்கொரு முறை. இடையில் வாந்தி, பேதி வந்தால் அன்றே டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்லக்கூடும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக்கை மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடுவது இவருக்கு ஆகவே ஆகாது.

கேள்வி: ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கலாமா? காய்கறி, இளநீர்?

பதில்: அந்த உப்பு வேண்டாம். சோடியத்துக்குப் பதில் அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. ரத்த அழுத்தத்துக்கு நல்லதென்று வாங்கி, இப்படிச் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. வீட்டில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். பொட்டாசியம் ஏறியிருக்கும்போது இளநீரும் கூடாது. உருளைக்கிழங்கு போன்றவற்றைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். வடித்த நீரை ரசத்தில் சேர்த்தால் அத்தனையும் திரும்ப வயிற்றுக்குள்தான்!