மாந்தோப்பும் மாணவர் விசாவும்

வணக்கம் ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். தொழில்முனைவும் தொழில்நுட்பமும் சேர்ந்த முதுகலைப் படிப்பை வெளிநாட்டில் படிக்க ஆசை. ஓசூரில் ஒரு கன்சல்டன்சியில் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றையும் சொன்னார்கள். எங்கே போனாலும் படிக்கும்போதே கம்பெனி தொடங்கிவிடலாமாம். 30 லட்சம் ஆகும் என்கிறார்கள். மூன்று ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் அப்பா. ஊரில் ஒரு வீடும் இருக்கிறது. திரும்பி வந்து மாங்கூழ் ஆலைக் கழிவில் ஏதாவது தொழில் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். எந்த நாட்டுக்குப் போகலாம்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

உங்களிடம் சொல்லப்பட்டதில் பெரிய பிழை, படிக்கும்போதே கம்பெனி தொடங்கலாம் என்பது. பாடத்திட்டத்தைப் படிக்கும் முன் அந்த நாட்டு மாணவர் விசாவின் நிபந்தனைகளைப் படியுங்கள். தொழில் தொடங்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பில் சேர்ந்து, தொழில் தொடங்க அனுமதியில்லாத விசாவில் உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

பிரிட்டனில் மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது என்பது பொது விதி. ஃப்ரீலான்ஸாக ஒரு டிசைன் வரைந்து கொடுத்துப் பணம் வாங்கினாலும் அது சுயதொழில்தான். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசாவுக்கு மாறிய பிறகு தடையில்லை. அதன் காலம் இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் அந்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு 18 மாதம். படிப்பே ஒரு வருடம்தான், அதில் கடைசி மூன்று மாதம் ஆய்வேட்டுக்குப் போய்விடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அமெரிக்காவில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் கம்பெனியைப் பதிவு செய்வதோ பங்கு வைத்திருப்பதோ பிரச்சினையில்லை. அனுமதி பெறாமல் அந்தக் கம்பெனிக்காக வேலை செய்வதுதான் மீறல். படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓபிடி என்ற வேலை அனுமதியின் 12 மாதத்தில், படித்த துறையிலேயே என்றால், சொந்தத் தொழில் செய்யலாம். அதன் பிறகு ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்கு மட்டும் 24 மாத நீட்டிப்பு உண்டு. உங்கள் படிப்பு ஸ்டெம்மா இல்லையா என்பதைப் பல்கலைக்கழக விளம்பரம் தீர்மானிக்காது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அச்சாகும் சிஐபி எண், அதாவது படிப்பின் வகையைக் குறிக்கும் எண், தீர்மானிக்கும். தொழில்முனைவுக்கான எண் 52.0701, அது ஸ்டெம் பட்டியலில் இல்லை. பொறியியல் மேலாண்மை 15.1501, அது இருக்கிறது. ஏறக்குறைய அதே பாடங்களைப் படித்த இருவரில் ஒருவர் ஒரே வருடத்தில் கிளம்ப வேண்டியிருக்கும், மற்றவர் மூன்று வருடம் இருப்பார். கட்டணம் கட்டும் முன் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி அந்த எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீட்டிப்புக் காலத்திலும் உங்கள் பயிற்சித் திட்டத்தில் உங்களுக்கு மேலே ஒருவர் கையெழுத்திட வேண்டும். நீங்களே முதலாளி, நீங்களே தொழிலாளி என்பது அங்கே செல்லாது. இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இரண்டு வருடத்துக்கு 30 லட்சம் போதாது.

உங்கள் தொகைக்கும் எண்ணத்துக்கும் ஜெர்மனி பொருந்தும் என்பது என் கருத்து. அங்கும் மாணவராக இருக்கும்போது சுயதொழிலுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். சம்பள வேலை என்றால் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். படிப்பு முடிந்தபின் 18 மாத அனுமதி கிடைக்கும், அதில் சொந்தத் தொழிலும் செய்யலாம். பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பிக்கும் எக்ஸிஸ்ட் உதவித்தொகை, படிப்பு முடித்துப் புதிய தொழில்நுட்பத்தில் தொழில் தொடங்குபவருக்கு மாதம் 2,500 யூரோ வீதம் ஓராண்டு வரை தருகிறது.

செலவுக்கு வருவோம். விசாவுக்காக முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகை. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே 12 லட்சத்தை ஒட்டும். இது கட்டணமல்ல, மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும் சாப்பாட்டு, வாடகைப் பணம். ஜெர்மனியில் எல்லாமே இலவசம் என்பதும் சரியில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வசூலிக்கிறது. கன்சல்டன்சி உங்களிடம் காசு வாங்காமல் வேலை செய்கிறது என்றால் கல்லூரியிடம் கமிஷன் வாங்குகிறது என்று பொருள். கமிஷன் தருபவை பெரும்பாலும் அதிகக் கட்டணம் கேட்கும் தனியார் நிறுவனங்கள். அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயரே அவர்கள் பட்டியலில் வராததற்குக் காரணம் அதுதான்.

நாள் தவறுவது ஏபிஎஸ் சான்றிதழில். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தருவது அது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். பல்கலைக்கழகச் சேர்க்கை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பருவம் போய்விடும். குளிர்காலப் பருவத்துக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள், மார்ச்சிலேயே மூடிவிடும் படிப்புகளும் உண்டு. கிருஷ்ணகிரிக்குப் பெங்களூர்தான் பக்கம் என்றாலும், தமிழ்நாட்டு முகவரிக்காரர்களின் ஜெர்மன் விசா சென்னைத் தூதரக எல்லைக்குள் வருகிறது. பெங்களூரில் தேதி தேடி நாளைக் கழிக்காதீர்கள்.

இனி படிப்பின் பெயர். தொழில்முனைவை முதன்மையாக வைத்த முதுகலைப் படிப்புகள் பல, மேலாண்மைத் துறையில் இருக்கின்றன. இளநிலையில் பொருளாதாரம், கணக்கியல் பாடங்களுக்குக் குறிப்பிட்ட அளவு கிரெடிட் கேட்பார்கள். மெக்கானிக்கல் மாணவர்கள் நிராகரிக்கப்படுவது மதிப்பெண்ணால் அல்ல, இந்தக் கணக்கால். உங்களுக்கு நான் சொல்வது: செயல்முறைப் பொறியியலோ உணவுத் தொழில்நுட்பமோ முதன்மைப் பாடம், தொழில்முனைவு துணைப்பாடம். வாடிக்கையாளரிடம் பேசுவது, விலை வைப்பது, பங்கு பிரிப்பது எல்லாம் இரண்டு மூன்று பாடங்களில் வந்துவிடும். ஜாமைக் கெட்டியாக்கப் பயன்படும் பெக்டினை மாந்தோலிலிருந்து பிரித்தெடுக்க அப்படி வராது. அதற்கு ஆய்வகம் வேண்டும்.

உங்கள் எண்ணத்தை இப்போதே கணக்கில் போட்டுப் பாருங்கள். பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலும் கொட்டையும். தோலில் பெக்டின், கொட்டைப் பருப்பில் கொழுப்பு, இரண்டுக்கும் சந்தை உண்டு. சிக்கல் பருவத்தில் இருக்கிறது. ஆலைகள் ஓடுவது வருடத்தில் இரண்டு மூன்று மாதம். ஈரமான தோல் குவித்து வைத்த ஓரிரு நாளில் புளித்துவிடும். ஆகவே உங்கள் தொழிலின் முதல் இயந்திரம் பிரித்தெடுக்கும் இயந்திரமல்ல, உலர்த்தி. மூன்று மாதத்தில் உலர்த்தி மூட்டை கட்டினால் மீதி ஒன்பது மாதம் பிரித்தெடுக்கலாம். இல்லாவிட்டால் ஒன்பது மாதம் இயந்திரம் சும்மா கிடக்கும், வட்டி மட்டும் ஓடும். உலர்த்தச் செலவாகும் விறகும் மின்சாரமும் பெக்டின் விலையில் எவ்வளவைத் தின்னும் என்பதே ஆய்வேட்டுக்குத் தகுந்த கேள்வி. விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையில் "சிறுவயது முதலே தொழில் ஆர்வம்" என்று தொடங்காமல் இந்தக் கேள்வியை எழுதுங்கள்.

அதற்கு விவரம் வேண்டும். வருகிற பருவத்தில் குறைந்தது பத்து ஆலைகளுக்குப் போய்வாருங்கள். "நான் இப்படி ஒரு தொழில் தொடங்கினால் கழிவைத் தருவீர்களா" என்று கேட்டால் எல்லோரும் தருகிறேன் என்பார்கள். அந்தப் பதில் எதற்கும் உதவாது. போன பருவத்தில் எத்தனை லோடு வந்தது, யார் எடுத்துப்போனார்கள், பணம் கொடுத்து எடுத்தார்களா வாங்கிக்கொண்டு எடுத்தார்களா, எந்த வாரத்தில் அதிகம் தேங்கியது என்று நடந்ததைக் கேளுங்கள். திரும்பி வந்து தொடங்கும்போது, முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் மாவட்டத் தொழில் மையம் வழியாக 25 சதவீத மானியம், 75 லட்சம் உச்சவரம்பில், இருக்கிறது. அங்கும் இதே விவரத்தைத்தான் கேட்பார்கள்.

கடைசியாக அப்பா சொன்ன தோப்பு. விவசாய நிலத்தைக் கல்விக்கடனுக்கு வங்கிகள் பொதுவாக ஏற்பதில்லை. கடன் வாராமல் போனால் நீதிமன்றம் போகாமலே சொத்தை ஏலம் விட அனுமதிக்கும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்தைத் தொடாது என்பதே காரணம். எனவே வீட்டைத்தான் பார்ப்பார்கள். சில வங்கிகள் தங்கள் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு அடமானம் இல்லாமலும் தருகின்றன. விண்ணப்பிக்கும் இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

30 லட்சம் முழுவதும் முதலிலேயே எடுத்து, 10 சதவீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 3 லட்சம். இரண்டு வருடப் படிப்பும் அதன்பின் ஒரு வருடமும் வட்டி கட்டாமல் விட்டால் 30 என்பது 39 ஆகும். பத்து வருடத் தவணை மாதம் 39,600-க்குப் பதில் 51,500 வரும். ஆகவே பணத்தைப் பருவத்துக்குப் பருவம் பிரித்து எடுங்கள், முடிந்த மட்டும் வட்டியை மாதாமாதம் கட்டுங்கள்.

வீட்டுப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். நத்தம் மனையாக இருந்தால் பட்டா யார் பெயரில்? தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழ், அத்தை, சித்தப்பா எல்லோருடைய கையெழுத்து, பாகப் பிரிவினைப் பத்திரம் அல்லது விடுதலைப் பத்திரம், பெயர் மாற்றம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் கையில் வந்தும் விசாவுக்குப் பணம் காட்ட முடியாமல் நிற்பது இந்த இடத்தில்தான். ஏபிஎஸ்ஸுக்கு விண்ணப்பிக்கும் அதே வாரத்தில் வில்லங்கச் சான்றுக்கும் போட்டுவிடுங்கள்.