வாட்டில் துணைக்கு நின்றவருக்கு அழைப்பாணை வருமா?

கேள்வி: அக்கா, நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில்) வேலை செய்கிறேன். கிழமையில் இரண்டு நாள் எங்கள் பெண்கள் குழு சார்பில் அரச வைத்தியசாலை ஒன்றுக்குப் போய், வன்முறைக்கு ஆளாகி வரும் பெண்களுக்குத் துணையாக நிற்கிறேன். போன மாதம் 22 வயதுப் பிள்ளை ஒருத்தியை அம்மா கூட்டிவந்தார். முந்திய நாள் அந்தி, வேலை முடிந்து வரும் வழியில் தெரிந்த ஒருவனே அவளைக் கெடுத்திருக்கிறான். ஓ.பி.டி.யில் "பொலிஸ் என்ட்ரி போட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்; என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சட்ட வைத்திய அதிகாரியிடம் நான்தான் மொழிபெயர்த்தேன். இப்போது தோட்டத்துத் தலைவர் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு "கட்டி வச்சிருவோம், கேஸ் வேண்டாம்" என்கிறார். நடந்ததை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். என்னையும் கோர்ட்டுக்கு இழுப்பார்களா? அவள் நம்பிச் சொன்னதை நான் வெளியே சொல்ல வேண்டி வருமா?
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, உங்கள் கொப்பியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆம், கூப்பிடலாம். கட்சிக்காரர் சட்டத்தரணிகளான எங்களிடம் சொன்னதை வெளியே சொல்லும்படி நீதிமன்றம்கூட எங்களை வற்புறுத்த முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சட்டத்தரணிகளுக்கு அந்தக் காப்பைத் தந்திருக்கிறது. டாக்டருக்கோ மிஸ்ஸிக்கோ (தாதிக்கோ) ஆலோசகருக்கோ உங்களுக்கோ அது கிடையாது. அழைப்பாணை வந்தால் போக வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும், கொப்பியைக் கொண்டுவரச் சொன்னால் கொண்டுபோக வேண்டும். அதனால் எந்தப் பெண்ணிடமும் "நீ சொல்றது ஒரு குஞ்சுக்கும் தெரியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நானாப் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், கோர்ட் கேட்டா மட்டும் சொல்ல வேண்டி வரும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட பிறகு எவ்வளவு பேசுவது என்பது அவள் விருப்பம்.

இதைப் படித்துப் பயந்து, கொப்பியை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். உங்கள் சாட்சியம் அவளுக்குப் பலம். அந்தச் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895இல் வந்தது. அதன் 8ஆம் பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது: வல்லுறவு நடந்ததா என்ற கேள்வி எழும்போது, நடந்து கொஞ்ச நேரத்துக்குள் அவள் முறையிட்டாள் என்பதும், எந்த நிலையில், என்ன சொற்களில் முறையிட்டாள் என்பதும் வழக்குக்குத் தொடர்புடையவை. வைத்தியசாலை வாங்கில் அவள் முதன்முதலில் வாய் திறந்தது உங்களிடம் என்றால், அந்தச் சொற்களைக் கேட்டவர் நீங்கள்.

"என்ன சொற்களில்" என்பதைக் கவனியுங்கள். பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்தவர்களின் கொப்பிகளை நான் பார்த்திருக்கிறேன். "பாதிக்கப்பட்டவர் கொடூரமான பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டு மிகுந்த மன உளைச்சலில் காணப்பட்டார்" என்றிருக்கும். அது பட்டறைத் தமிழ். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து "இந்த வார்த்தை சாட்சி சொன்னதா, நீங்கள் போட்டதா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இப்படி எழுதுங்கள்: "காலை 10.20. அம்மா பக்கத்தில் இருந்தார். ‘பீலிக்கு மேல வச்சு என்னயக் கெடுத்துட்டான்’ என்றாள். வலது முழங்கையில் சிராய்ப்பு. தண்ணீர் கொடுத்தேன், கை நடுங்கிக் கொட்டிவிட்டது. ‘நேத்தே ஏன் வரல’ என்று அம்மாவிடம் கேட்டேன். ‘கடைசி பஸ் போயிருச்சு, இவ அப்பாவுக்குப் பயந்து ராவெல்லாம் சொல்லல’ என்றார்." நேரம், சொல், கண்ணால் கண்டது, அவ்வளவு போதும். அந்தக் கடைசி வரிக்குத் தனி மதிப்பு உண்டு. முறைப்பாடு தாமதித்தது ஏன் என்று கோர்ட்டில் கட்டாயம் கேட்பார்கள், அன்றைக்கே எழுதிய விடை உங்களிடம் இருக்கும். ஏற்கெனவே எழுதிய பக்கங்களை இப்போது அழகுபடுத்தித் திருத்தவோ கிழிக்கவோ வேண்டாம். பட்டறைத் தமிழில் இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

இனி மொழிபெயர்ப்பு. எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான்.

நம் பெண்கள் நடந்ததை நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். "தொட்டுட்டான்", "அசிங்கம் பண்ணிட்டான்", "நாசமாக்கிட்டான்" என்பார்கள். தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) வளர்ந்த நமக்கு "தொட்டுட்டான்" என்றால் என்னவென்று புரியும். அதே சொல் சொல்லுக்குச் சொல் சிங்களத்துக்குப் போனால் கையால் தொட்டதாகத்தான் எழுதப்படும். சட்டத்தில் அந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் வரும் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரைதான் சிறை. 363ஆம் பிரிவின் கீழ் வரும் வல்லுறவுக்கு ஏழு வருடத்துக்குக் குறையாமல் இருபது வருடம் வரை. பொலிஸில் "தொட்டான்", சட்ட வைத்திய அறிக்கையில் வேறு, கூண்டில் நின்று சொல்வது இன்னும் வேறு என்றால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முரண்பாடு காட்டுவார்கள். ஒரே ஒரு சொல்லை வைத்து ஒரு பிள்ளையை அரை மணி நேரம் கூண்டில் நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அவள் பொய் சொல்லவில்லை, வெட்கப்பட்டாள். அந்த வெட்கத்தை யாரோ அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்கள்.

ஆகவே நீங்களே மொழிபெயர்க்க நேர்ந்தால் ஊகித்துக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். "தொட்டான்னு சொல்றாங்க, டாக்டர், என்ன அர்த்தத்துல சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவளிடம் திரும்பிக் கேளுங்கள். தமிழ் தெரிந்த மிஸ்ஸியோ டாக்டரோ அந்தக் கட்டடத்தில் இருந்தால் அவர்களை அழைக்கச் சொல்லுங்கள். வைத்தியசாலையில் ‘நட்பு நிலையம்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். சிங்களத்தில் மிதுரு பியச என்று பலகை போட்டிருப்பார்கள். இப்படி வரும் பெண்களுக்காகவே சுகாதார அமைச்சு பல பெரிய வைத்தியசாலைகளில் நடத்தும் நிலையம் அது. உடல் பரிசோதனையின்போது அவள் விரும்பினால் தலைமாட்டில் நில்லுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் கதை சொல்லும் நேரத்தில், மொழிக்கு வேறு ஆள் இருந்தால், வெளியே நிற்பது நல்லது. நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தீர்கள் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது.

அந்தச் சிங்கள வாக்குமூலத்துக்கு வருவோம். எழுதிய மொழி சொன்னவருக்கு விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும், விளக்கவோ சேர்க்கவோ அவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு சொல்கிறது. அரச அதிகாரியோடு தமிழில் கருமமாற்றும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையிலும் இருக்கிறது. சண்டை பிடிக்க வேண்டாம். அவளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அதே நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகத்துக்குப் போங்கள். முதலில் கொடுத்த வாக்குமூலம் தனக்கு வாசித்து விளக்கப்படவில்லை என்பதையும், நடந்ததை முழுமையாகவும் தமிழில் மேலதிக வாக்குமூலமாக அவள் கொடுக்கட்டும். பழையதை மாற்றும்படி யாரிடமும் கேட்காதீர்கள், அது அப்படியே இருக்கும். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.

ஓ.பி.டி.யில் நடந்ததற்குச் சட்டத்தில் இடமில்லை. சிகிச்சைக்குப் பொலிஸ் என்ட்ரி தேவையில்லை. பொலிஸார் கொடுக்கும் எம்.எல்.இ.எப். என்ற சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் வழக்குக்கான பரிசோதனைக்கு உரியது. அதற்கும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 122ஆம் பிரிவின்படி அவள் சம்மதம் வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் வாசலில் திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் "முதல்ல மருந்து, என்ட்ரி அப்புறம்" என்று அமைதியாகச் சொல்லி, வாட்டு டிக்கட் எழுதும்வரை நகராதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், கர்ப்பத் தடை அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் போட்டாலும் அவ்வளவு நல்லது. நம் நாட்டில் தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் வேறெதற்கும் கருக்கலைப்புக்கு அனுமதியில்லை, வல்லுறவில் தரித்த கருவுக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் அதே 303ஆம் பிரிவுதான். அந்த மாத்திரை ஒன்றைத் தவறவிட்டால் பிறகு சட்டத்தால் எதுவும் செய்ய முடியாது. இந்தப் பிள்ளை இரண்டாம் நாளே வந்துவிட்டாள், மருந்து கொடுத்தார்களா என்று க்ளினிக் கொப்பியைப் பாருங்கள். கொடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இரத்தப் பரிசோதனைத் தவணைகளைத் தவறவிடக் கூடாது. அன்று போட்டிருந்த உடுப்பை யாராவது துவைக்காமல் வைத்திருந்தால், சொப்பிங் பேக்கில் கட்டி வைக்காமல் காற்றில் உலர்த்தி, கடதாசியில் சுற்றிப் பொலிஸிடம் கொடுங்கள். துவைத்திருந்தாலும் வழக்கு விழுந்துவிடாது. உடம்பில் காயம் இருந்தால்தான் சம்மதமில்லை என்று நிரூபிக்கலாம் என்பதும் இல்லை, 363ஆம் பிரிவின் விளக்கமே அதைத் தெளிவாகச் சொல்கிறது.

தலைவர் சொல்லும் கல்யாணம். அவர் கெட்ட மனதோடு சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பிரட்டுக்களத்துச் சண்டையை, பீலித் தண்ணிச் சண்டையைப் பேசித் தீர்த்துப் பழகியவர், இதையும் அந்த வரிசையில் வைக்கிறார். ஆனால் வல்லுறவு பேசித் தீர்க்கக்கூடிய குற்றம் அல்ல. இருவர் சமாதானமாகி முடித்துக்கொள்ளக் கூடிய குற்றங்களைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 266ஆம் பிரிவில் பட்டியலிட்டிருக்கிறது, இது அதில் இல்லை. மத்தியஸ்த சபைக்கும் இது போகாது. தாலி கட்டினாலும் நடந்த குற்றம் அழியாது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இதை அவளுடைய அம்மாவிடம் நீங்கள் நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நம் சட்டத்தில், கணவன் மனைவியை அவள் சம்மதமில்லாமல் நெருங்கினால், நீதிமன்றத் தீர்ப்பின்படி இருவரும் பிரிந்திருந்தாலொழிய அது வல்லுறவு ஆகாது. அதாவது இன்றைக்கு அவனுக்கு அவளைக் கட்டிவைத்தால், இதுவரை குற்றமாக இருந்தது நாளையிலிருந்து அவனுடைய உரிமைபோல் ஆகிவிடும். அதற்குப் பிறகு 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவ்வளவுதான். "மானம் போயிரும்" என்று அம்மா அழுவார். அழட்டும், ஆனால் இந்தக் கணக்கு தெரிந்து அழட்டும்.

யாராவது "கேஸ வாபஸ் வாங்கு, இல்லாட்டி லயத்துல இருக்க முடியாது" என்று மிரட்டினால் அதுவே தனிக் குற்றம். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. யார், எப்போது, என்ன சொன்னார் என்று அவர்கள் வாய்ச்சொல்லிலேயே கொப்பியில் எழுதி, பொலிஸில் தனி முறைப்பாடாகக் கொடுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள தேசிய அதிகாரசபைக்கும் எழுதலாம். அவள் பெயரையோ படத்தையோ தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் குற்றம், தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. உங்கள் பெண்கள் குழுவின் குரூப்புக்கும் அது பொருந்தும். நல்ல எண்ணத்தில் "இந்தப் பிள்ளைக்கு உதவுங்கள்" என்று போடுபவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனிமேல் அவளாக ஒரு முடிவெடுக்க நேரம் வேண்டும் என்றால் கொடுங்கள். வழக்குத் தொடரச் சட்டம் இருபது வருட அவகாசம் வைத்திருக்கிறது, நாளைக்கே எல்லாம் நடக்க வேண்டும் என்பதில்லை. வயது வந்த பெண்ணை முந்திக்கொண்டு பொலிஸுக்கு ஓடாதீர்கள். பதினெட்டுக்குக் கீழ் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்திலிருந்து சட்டமா அதிபருக்குப் போய் மேல் நீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு வர வருடக்கணக்காகும். காசில்லை என்று கலங்க வேண்டாம், அரச தரப்பு வழக்கை நடத்தும். அவளுக்கென்று ஒரு சட்டத்தரணி வேண்டுமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம்.

மேலதிக வாக்குமூலம் கொடுக்கும் நாளில் அவளிடம் ஒரு சின்னத் துண்டில் திகதி, நேரம், இடம் மட்டும் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். உங்கள் கொப்பியை அவளுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். சொல்வது அவள் நினைவிலிருந்து அவள் சொல்லாக இருக்க வேண்டும். கொப்பி உங்கள் பெட்டியிலேயே பூட்டி இருக்கட்டும், அழைப்பாணை வந்தால் அதோடு என்னிடம் வாருங்கள்.