நடுக்கடல் டைவிங் இடத்தில் நாங்களே அடையாள மிதவை போட்டால் பராமரிப்பு வேலை அதிகம் இருக்குமா?

மூழ்கிய கப்பல் கிடக்கும் இடத்தில் உங்கள் குழுவே ஒரு மிதவை போட்டுவிடலாமா, போட்டபின் பெரிதாக வேலை இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இன்னும் போடவில்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது. காசு சேர்ந்திருக்கும். குழுவில் எல்லோரும் கை தூக்கியிருப்பார்கள். போடுகிற நாளில் அத்தனை பேரும் வருவார்கள், படம் எடுப்பார்கள். அடுத்த தடவை மிதவையில் ஒட்டி வளரும் கொட்டலசுச் சிப்பியைச் சுரண்டக் கூப்பிட்டால் ஒருவருக்கு முட்டிவலி, இன்னொருவருக்கு மச்சான் கல்யாணம்.

அனுமதி பற்றி ஒரு வரி: துறைமுகப் பொறுப்பில் உள்ளவர்களிடம் கேட்காமல் போடாதீர்கள். நிறமும் உங்கள் விருப்பம் இல்லை. சிறப்பு அடையாளம் என்றால் மஞ்சள். கறுப்பில் சிவப்புப் பட்டை அடித்து மேலே இரண்டு கறுப்பு உருண்டை வைத்தால் அது தனித்த ஆபத்துக்கான குறி. அதை அழகுக்காக யாரும் அடிக்கக் கூடாது.

வேலை எங்கே இருக்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியும் மிதவையில் பாதிகூட இல்லை. அலைக்கு அலை தரையிலிருந்து எழும்பி மறுபடி விழுகிற சங்கிலித் துண்டு இருக்கிறதே, அதை மணல் அரம்போல ராவிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலும் கீழும் சங்கிலி புதுசாகவே தெரியும், அந்தக் கண்ணிகள் மட்டும் இளைத்திருக்கும். கண்ணால் பார்த்து நல்லா இருக்கு என்று சொல்லக்கூடாது, தடிமன் அளக்கும் காலிப்பர் வைத்து அளக்க வேண்டும். சங்கிலியை இணைக்கும் U வடிவ வளையமான ஷேக்கிளின் பின்னைக் கம்பியால் கட்டாவிட்டால் அது தானாகவே கழன்றுகொள்ளும். துத்தநாகப் பூச்சுச் சங்கிலியில் பளபளப்பான ஸ்டெயின்லெஸ் ஷேக்கிளைப் போட்டால், உப்புநீரில் முதலில் பூச்சு போகும், பிறகு சங்கிலியே போகும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும். வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கும்போது, தொய்ந்து மேலே பாம்பாகக் கிடந்து படகின் விசிறியில் சுற்றும்.

இனி என் கதை. நாங்கள் பார்த்துக்கொண்ட இடத்தில் ஆழம் 24 மீட்டர். மிதவையைப் பிடித்துவைக்கக் கடலடியில் போட்ட கான்கிரீட் கல்லிலிருந்து மிதவை வரை சங்கிலியும் கயிறுமாக 30 மீட்டர். பிதாகரஸ் கணக்குப்படி, எந்த நீரோட்டத்திலும் மிதவை கல்லுக்கு நேர்மேலிருந்து 18 மீட்டருக்கு அப்பால் போக முடியாது. ஜிபிஎஸ் தடுமாற்றத்துக்கு இன்னும் பத்து மீட்டர் விட்டுக்கொடுங்கள். அன்று மிதவை நின்றது, குறித்து வைத்த புள்ளியிலிருந்து அறுபது மீட்டருக்கும் தள்ளி. கல் நகர்ந்திருக்கிறது என்றேன். "நீவாடு இழுக்குதுண்ணே, வேற ஒண்ணுமில்ல" என்றார் படகோட்டித் தம்பி. நீவாடு என்றால் நீரோட்டம். கூட வந்த மூத்தவரோ, "கயிற்றைப் பிடிச்சு இறங்கினா கப்பல், இதுல என்னய்யா கணக்கு" என்று சிரித்தார்.

வழி தவறாமல் திரும்ப நூல் சுற்றிய ரீல் இல்லாமல் இறங்க மாட்டேன் என்று நின்றேன். கீழே கல் இருந்தது, கப்பல் இல்லை. வெறும் மணல். கல் உழுதுகொண்டு வந்த தடம் ஒரு பக்கமாக நீண்டு கலங்கலில் மறைந்தது. நூலைக் கல்லில் கட்டிவிட்டு, காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தால் திரும்புவது என்று மேலேயே பேசி வைத்தபடி தடத்தைப் பிடித்துப் போனோம். கப்பலின் பின்பக்கம் வந்தது. நூல் இருந்ததால் திரும்பிவந்து அதே கயிற்றில் ஏறி, மேலே வருமுன் பாதுகாப்புக்காக நிற்கிற 5 மீட்டரில் 3 நிமிடம் நிதானமாக நிற்க முடிந்தது. இல்லாவிட்டால் நடுநீரில் மிதந்தபடி ஏறி, படகு எங்கே என்று தேடியிருப்போம். மூத்தவர் அன்று அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பெருமையடிக்கிறான் என்று தோன்றினால் தோன்றட்டும்.

பின்னால்தான் தெரிந்தது, பெரிய படகு ஒன்று அந்த மிதவையில் கட்டிக்கொண்டு இராத் தங்கியிருக்கிறது. யார் என்று எழுதப் போவதில்லை. அடையாள மிதவை வேறு, படகு கட்டும் மிதவை வேறு. கரையில் 500 கிலோ இருக்கும் கான்கிரீட் கல், கடலுக்குள் ஏறக்குறைய 285 கிலோதான். அதே எடை இரும்பு என்றால் 430 கிலோ நிற்கும். அலையில் துள்ளும் படகுக்கு 285 கிலோ ஒரு பொருட்டா?

அப்படியானால் நீங்களே காற்றுப்பை கட்டிக் கல்லைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்பார். 24 மீட்டரில் அடைத்த காற்று 10 மீட்டருக்கு வரும்போது 1.7 மடங்காக விரியும். பை மேலே போகப்போக வேகம் கூடும். கல் அவிழ்ந்தால் கீழே இருப்பவன் தலையில். பொழுதுபோக்கு டைவர் செய்கிற வேலை இல்லை அது. தொழில்முறை ஆட்களை வைத்துத்தான் செய்தோம். பயந்தாங்கொள்ளி என்றால் சரி, அப்படியே இருக்கட்டும்.

அந்த ரீலைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. அதை இரவல் வாங்கிப்போன ஒரு நண்பர் உப்பும் மணலுமாகப் பையில் போட்டு வைத்திருந்து அப்படியே திருப்பிக் கொடுத்தார். பூட்டு இறுகி, இன்றுவரை முழுதாக அவிழ்வதில்லை. நல்ல தண்ணீரில் அலசித் தர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கேட்டால் நான் அற்பமாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தவறாமல் இறங்கிச் சங்கிலியை அளந்து, எழுதி வைக்க இரண்டு பேர் பெயர் கொடுக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் நிரந்தர மிதவை வேண்டாம். போகிற நாளில் மட்டும் எடைக்கல் கட்டிய கயிறும் ஒரு மிதவையும் போட்டு இறங்குங்கள். நீரோட்டம் அடங்கும் நேரத்துக்குச் சற்று முன்பே போட்டுவிடுங்கள். மிதவை பாதி அமுங்கி, பின்னால் கோடு கிழித்துக்கொண்டிருந்தால் காத்திருங்கள். படகை அதில் கட்டாமல் சற்றுத் தள்ளி நிறுத்தி, டைவர் கொடியை ஏற்றி, ஆட்கள் மேலே வரும்போது எஞ்சினை நியூட்ரலில் வையுங்கள். கடைசி ஆள் ஏறியதும் கல்லையும் கயிற்றையும் இழுத்துப் படகில் போட்டுக்கொள்ளுங்கள்.