4294967297: கணிப்பான் இல்லாமல் காரணி காண்பது எப்படி?

ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "2³² + 1, அதாவது 4294967297, பகா எண் அல்ல என்று படித்தேன். இதைக் கரும்பலகையிலேயே மாணவர்களுக்குக் காட்ட முடியுமா?"

முடியும், அதற்கு முன் இந்த எண்ணின் கதையைச் சொல்லிவிடுவது நல்லது. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருந்ததைக் கண்ட பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா, 1640-இல், இதே வடிவில் (2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போக, அதனுடன் 1 கூட்டியவை) அடுத்து வருபவையும் அப்படியே இருக்கும் என்று நம்பினார். ஆறாவது எண்ணான நம்முடையதை 641 மீதியின்றி வகுக்கிறது என்று 1732-இல் காட்டியவர் கணிதவியலாளர் ஆய்லர்.

கண்ணை மூடிக்கொண்டு வகுக்கத் தொடங்கினால், 65536 வரையுள்ள 6542 பகா எண்களையும் சோதிக்க நேரலாம். ஆனால் இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும் 128-ஆல் வகுத்தால் 1 மீதி தர வேண்டும். (இதன் நிரூபணம் ஒன்பதாம் வகுப்புக்கு உரியதன்று, விதியாகவே கொடுத்துவிடுங்கள்.) ஆகவே பார்க்க வேண்டியவை 129, 257, 385, 513, 641 என்று செல்லும் வரிசை மட்டுமே. இவற்றில் 129, 385, 513 பகு எண்கள். 257-ஐயும் வகுத்துப் பார்க்காமலேயே நீக்கலாம்: a² − b² வாய்பாட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் 2³² − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 என்று பிரிகிறது; நம் எண் அதைவிட 2 அதிகம் என்பதால், 257-ஆல் வகுத்தால் மீதி 2. எனவே உண்மையில் சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641.

அதற்கும் நீள் வகுத்தல் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴ ஆகவும் இருக்கிறது. முதல் வடிவத்தின்படி, 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1 ஆகிறது. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று வைக்கலாம் என்பதால், −2³²-இன் மீதியும் 1. அப்படியானால் 2³² + 1-இன் மீதி 0. ஈவு 6700417.

கணினியில் சரிபார்க்க விரும்பும் மாணவரை மட்டும் எச்சரித்துவிடுங்கள்: குறியில்லாத 32 பிட் முழு எண்ணாக (0 முதல் 2³² − 1 வரை மட்டுமே கொள்ளும் வகை) கணக்கிட்டால், 2³² அதில் அடங்காமல் விடை வெறும் 1 என்று வரும்.

ஈவான 6700417 பகா எண்தானா என்ற கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். அதன் வர்க்கமூலம் 2589-ஐத் தாண்டாது; அதற்குள் மேற்சொன்ன விதிக்குப் பொருந்தும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622 என்று வர வேண்டும்.